நைட்டில் ஒரு தாதிக்கு எத்தனை பேர்?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 28 வயது. பட்டர்வொர்த்தில் அம்மாவுடன் இருக்கிறேன். ஜோர்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாகத் தாதியாக வேலை செய்கிறேன். இத்தனை வருடம் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற பாண்ட் போன வருடமே முடிந்துவிட்டது. வார்டில் இருந்த சீனியர்கள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். நைட்டில் எனக்குப் பன்னிரண்டு, சில நாள் பதினான்கு நோயாளிகள். போன மாதம் காலை ஆறு மணிக்கு ஒரு லெட்சுமிக்குப் போட வேண்டிய இன்சுலினை இன்னொரு லெட்சுமிக்குப் போடப் போய்விட்டேன். "எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லையே மிஸ்ஸி" என்று அந்தப் பாட்டி சொன்னதால் தப்பித்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது பினாங்குப் பாலத்தில் மோட்டாரிலேயே கண் சொக்கியது. கோலாலம்பூரில் ஓர் ஏஜென்ட், 9,000 வெள்ளி கட்டினால் பிரிட்டனுக்கு அனுப்புகிறேன் என்கிறார். தோழி சிங்கப்பூருக்கு வா என்கிறாள். அம்மாவோ, "கல்யாணம் ஆக வேண்டிய பெண், எங்கேயும் போகாதே, கவர்மெண்ட்டில் சேர்ந்துகொள்" என்கிறார். நான் நல்ல தாதி இல்லையோ என்று தோன்றுகிறது. போவதா, இருப்பதா, இந்த வேலையையே விட்டுவிடுவதா?
பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போவதா இருப்பதா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். ஆனால் நடுவில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று பாலம், இன்னொன்று அந்த இன்சுலின்.

பாலத்தை முதலில் சொல்கிறேன். பதிமூன்றரை கிலோமீட்டர். தீவிலிருந்து உங்கள் பக்கம் வரும்போது காலைச் சூரியன் நேர் முகத்தில் அடிக்கும், கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். இரவெல்லாம் விழித்திருந்த உடம்புக்கு அது தாலாட்டு மாதிரி. இனி நைட் முடிந்த காலையில் பாலம் வேண்டாம். மோட்டாரை ஃபெரியில் ஏற்று. 2023-இல் வந்த புது ஃபெரிகளில் காருக்கு இடமில்லை, மோட்டாருக்கு உண்டு. கிளம்பும் முன் ரெஸ்ட் ரூமில் இருபது நிமிடம் தலை சாய்த்துவிட்டுப் போ. யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. என்னோடு தாதியாக வேலை பார்த்த ஒரு பெண் நைட் முடிந்து கிளம்பினாள், வீடு போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

சரி, இன்சுலினுக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு நைட்டில், நான்காம் கட்டில்காரருக்குப் போட வேண்டிய பெனிசிலினை ஐந்தாம் கட்டில்காரருக்குப் போட்டுவிட்டேன். மதியம் இரண்டு கட்டிலையும் இடம் மாற்றியிருந்தார்கள். கால்மாட்டில் தொங்கிய பெயர் அட்டையை யாரும் மாற்றவில்லை. நான் அட்டையைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த மருந்து ஒத்துக்கொண்டது அவருடைய புண்ணியம். மறுநாள் என்னை நிற்க வைத்துத் திட்டியவர்கள் பல பேர். ஒரே ஒரு சிஸ்டர் (தலைமைத் தாதி) மட்டும், "கட்டிலை நகர்த்துவதற்கு முன்னால் அட்டையை நகர்த்து" என்று எழுதிக் கவுன்டரில் ஒட்டினார். அதற்குப் பிறகு அந்த வார்டில் அப்படி நடக்கவில்லை. திட்டியதால் எனக்குப் பயம்தான் கூடியது, அந்தத் தாளால் நோயாளிகள் பிழைத்தார்கள்.

உன் லெட்சுமிகளுக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும். அதற்கு நீ இன்சிடன்ட் ரிப்போர்ட், அதாவது நடந்த தவறைச் சொல்லும் அறிக்கை, எழுத வேண்டும். ஊசி ஏறவில்லையே, எதற்கு எழுதுவது என்று நினைப்பாய். ஏறாமல் தப்பியதைத்தான் முதலில் எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை இன்னொரு மிஸ்ஸி கையால் அது நோயாளிக்கு ஏறிவிடும். ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள், இத்தனை நோயாளிகளுக்கு இத்தனை தாதிகள், நேரம் காலை ஆறு மணி என்று நடந்ததை நடந்தபடி எழுது. இன்சுலினை இரண்டாவது தாதி ஒருத்தி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த முறை. அந்த இரண்டாவது தாதி அப்போது எங்கே இருந்தாள் என்பதையும் எழுது. அவளும் பதினான்கு பேரோடு வேறு மூலையில் ஓடிக்கொண்டிருந்திருப்பாள். ஒரு மாதம் கழித்து எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. சிஸ்டர் முகம் சுளித்தாலும் எழுது, ஒரு நகலை நீயும் வைத்துக்கொள்.

அப்புறம் ஒரு சின்னப் பழக்கம். "நீங்கள்தானே லெட்சுமி?" என்று கேட்காதே. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பாட்டி எதற்கும் "ஆமாம்மா" என்பார். "உங்கள் முழுப் பெயர் என்ன பாட்டி, அப்பா பெயர் என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வை, கைப்பட்டையில் ஐசி (அடையாள அட்டை) நம்பரைப் பார். அன்று ஊசியோடு வந்த உன்னிடம் அந்தப் பாட்டி தயங்காமல் பேசினார் பார், அந்த அளவுக்கு நீ அவரிடம் பழகியிருக்கிறாய். நீ நல்ல தாதியா என்ற கேள்விக்கு என் பதில் அதில் இருக்கிறது.

மீதி, எண்ணிக்கை. 2002-இல் அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியையும் அவர் குழுவும் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். ஒரு தாதியின் கணக்கில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. பின்னர் ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 வந்தது. அங்கேயும் தாதிகள் அக்கறையோடுதான் வேலை செய்திருப்பார்கள். இரண்டு கைக்கு ஓர் அளவு உண்டு, அவ்வளவுதான். கலிஃபோர்னியா சட்டம் போட்டு, 2004-இலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்தி, சாதாரண வார்டில் ஒரு தாதிக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது என்று கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2016-இல் சட்டம் போட்டது: காலை, மதியம் நான்கு பேர், நைட்டில் ஏழு பேர். உன் பதினான்கில் சரியாகப் பாதி.

அதனால் எங்கே போவதாக இருந்தாலும், சம்பளத்தைக் கேட்கும் முன் இதைக் கேள்: "நைட்டில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள்? கூட உதவிக்கு யார்?" இன்டர்வியூவில் கேள். அங்கே இப்போது வேலை செய்யும் ஒருத்தியிடம் தனியாகவும் கேள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் மேலே பேசு.

பிரிட்டன் என்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று ஏஜென்ட் சொல்வார். வேல்ஸில் தாதியர் எண்ணிக்கைக்கென்று 2016-இல் ஒரு சட்டம் வந்தது, இங்கிலாந்தில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கேயும் வார்டுக்கு வார்டு மாறும். போவதென்றால் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஓஈடி என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வு. பிறகு கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. இதில் ஏஜென்ட்டுக்கு எதற்கு 9,000 வெள்ளி? வேலை தேடித் தருவதற்குத் தாதியிடமே காசு வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் விதி. தேர்வுக் கட்டணம், பதிவுக் கட்டணம் தனி, அவற்றை நீயே நேரடியாகக் கட்டலாம். ஏஜென்ட்டிடம் நம் தொழிலாளர் இலாகாவின் உரிமம் இருக்கிறதா என்று பார். ஒப்பந்தத்தில் "முன்கூட்டியே விலகினால் இவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்" என்று இருக்கிறதா என்று தேடு. அந்த வரியில் மாட்டி, பிடிக்காத இடத்தில் வருடக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. அந்த 9,000 வெள்ளியைக் கட்டாதே.

சிங்கப்பூர் கிட்டத்தில் இருக்கிறது, தோழியும் இருக்கிறாள், எனக்குக் கேட்டால் முதலில் அதைத்தான் விசாரிப்பேன். அங்கே தாதிகளைப் பிடித்து வைத்துக்கொள்ள அரசாங்கமே பாடுபடுகிறது: பொது மருத்துவமனைகளில் நிலைத்திருப்பவர்களுக்கு 20 ஆண்டுகளில் 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை தருவதாக 2024-இல் அறிவித்தார்கள். வெளிநாட்டுத் தாதிக்கு நிபந்தனை வேறு, கேட்டுத் தெரிந்துகொள். நிரந்தரவாசி ஆகாதவரை அங்கே சிபிஎஃப் என்ற சேமநிதி கிடையாது, அதனால் வயதான காலத்துக்கு நீதான் சேர்க்க வேண்டும். இங்கே உன் இபிஎஃப் சேமநிதிக் கணக்கில் வருடத்துக்கு 1 லட்சம் வெள்ளி வரை நீயாகவே போடலாம். மாதா மாதம் போடு.

அம்மா சொல்லும் கவர்மெண்ட் வேலையைத் தள்ளிவிடாதே. பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கும் நோயும் கற்கும் வேலையும் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் அங்கே ஓய்வு என்று அம்மா நினைத்தால் அது தவறு. ஷிப்ட் தாதியரின் வாரம் 42 மணி நேரத்தை 2024 டிசம்பரிலிருந்து 45 ஆக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்த பிறகு தள்ளிவைத்தார்கள். கவர்மெண்ட் வார்டில் இருக்கும் உன் பேட்ச் தோழி ஒருத்தியிடம் அதே கேள்வியைக் கேள்.

எங்கே போனாலும் லெம்பாகா ஜூருராவாட்டில் (நம் தாதியர் வாரியம்) உன் ஏபிசியை, அதாவது வருடாந்தரத் தொழில் சான்றிதழை, புதுப்பிக்காமல் விடாதே. திரும்பி வர வாசல் திறந்திருக்க வேண்டும்.

வார்டை விட்டுப் போவது துரோகமோ என்ற எண்ணமும் உனக்கு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023-இல் உலகம் முழுவதும் 2 கோடியே 98 லட்சம் தாதிகள், இன்னும் 58 லட்சம் பேர் தேவை. ஏழு தாதிகளில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை செய்கிறார், பணக்கார நாடுகளில் அது கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். இவ்வளவு பெரிய பள்ளத்தை நீ ஒருத்தி பட்டர்வொர்த்திலிருந்து வந்து அடைக்க முடியாது. பற்றாக்குறை நாடுகளில் போய் ஆள் பிடிக்காதீர்கள் என்று 2010-இல் அதே நிறுவனம் விதிமுறை வகுத்தது, அதுவும் நாடுகளுக்குத்தான் புத்தி சொன்னது. போகிற தாதியின் உரிமையில் கை வைக்கவில்லை. உன் சீனியர்கள் போனபோது அந்த இடங்களை நிரப்பாதவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேலையையே விடும் யோசனையை ஆறு மாதம் தள்ளிப் போடு. தூக்கமில்லாத மனம் எடுக்கும் முடிவு அது. முதலில் லீவு போட்டு ஒரு வாரம் தூங்கு.

அம்மாவிடம் கல்யாணத்தைப் பற்றி வாதாடாதே. அவர் பயம் அதில் இல்லை என்று நினைக்கிறேன். கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது, ராத்திரி மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அதுதான். "நான் போனால் உங்களுக்கு எது கஷ்டம், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுது. அண்ணன், சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போடு. பெயர் போட முடியாத வரி எத்தனை மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு, சிங்கப்பூரிலிருந்து வந்த பதிலையும் வைத்து எனக்கு மறுபடி எழுது. ரிப்போர்ட்டை மட்டும் அதுவரை வைத்திருக்காதே, அடுத்த டியூட்டியில் எழுதிவிடு.