அகலமான கால் குற்றமா? பெண்கள் காலணி: கேள்வி பதில்

ஆம்பூரில், ஏற்றுமதிக்கான பெண்கள் காலணி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் மாதிரி வடிவமைப்புப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அடுத்த பருவத்தில் கடைக்கு வரப்போகும் காலணிகளின் வரைபடங்கள் எங்கள் மேசைக்கு முன்கூட்டியே வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் என்பதால் மழைக்காலக் காலணி பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். புதிய பாணிகள் பற்றியும் கேள்விகள் வந்திருக்கின்றன. கேள்வி அனுப்பியவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): அக்கா, தினமும் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகத்துக்குப் போகிறேன். மழை வந்தால் கணுக்கால் வரை தண்ணீர். எந்தக் காலணியும் இரண்டு மழைக்கு மேல் தாங்குவதில்லை. பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும். என்ன வாங்கலாம்?

பதில்: டிசம்பர் முடியும் வரை சாலைக்கு ஒரு ஜோடி, அலுவலகத்துக்கு ஒரு ஜோடி என்று பிரித்துவிடுங்கள். தோல், கேன்வாஸ், கார்க் ஆகிய மூன்றும் அலுவலகத்திலேயே இருக்கட்டும். சாலைக்கு இ.வி.ஏ. எனப்படும் நுரை போன்ற பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ செய்த செருப்பு வேண்டும். இ.வி.ஏ.வின் உள்ளே இருப்பவை மூடிய காற்றறைகள். அதனால் அது தண்ணீரைக் குடிக்காது, எடையும் குறைவு, துடைத்தால் காய்ந்துவிடும். க்ராக்ஸ் நிறுவனத்துக்காகப் பெரம்பலூரிலேயே இந்த வகைக் காலணி தயாராகிறது. இப்போது பட்டையும் கொக்கியும் வைத்து, பார்த்தால் தோல் செருப்பு போலவே தெரியும் இ.வி.ஏ. செருப்புகளும் வந்துவிட்டன. அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போனாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்க வேண்டும். வார் இல்லாத செருப்பைத் தேங்கிய தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும், அதைப் பிடித்து வைக்க விரல்களை மடக்கி நடந்தால் மாலையில் கெண்டைக்கால் வலிக்கும். அடுத்தது அடிப்பாகம். திருப்பிப் பார்த்தால் ஓரம் வரை ஓடும் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும். வழவழப்பான பி.வி.சி. அடிப்பாகம் ஈரமான டைல்ஸ் மீது வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும். மென்மையான இ.வி.ஏ. காலணியோடு நகரும் படிக்கட்டில் ஓரமாக நிற்காதீர்கள், இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்துங்கள். சேற்றுப்புண் அங்கேதான் தொடங்கும். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் தேங்கிய நீரில் இறங்குவதையே தவிர்க்கப் பாருங்கள். எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் நுழைய அந்தக் கீறல் போதும்.

கேள்வி (திருச்சி): என் கால் அகலமானது. என் எண் ஐந்து. அகலத்துக்காக ஆறு வாங்கினால் குதிகால் கழன்று விழுகிறது. ஐந்து வாங்கினால் சுண்டுவிரல் பக்கம் கடிக்கிறது. "உங்கள் கால் வடிவம் அப்படி மேடம், இரண்டு நாள் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: உங்கள் காலில் எந்தக் குறையும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை, ஏனென்றால் காலணிக் கடைகளில் பெண்கள் தங்கள் காலைத் தாங்களே குறை சொல்லிக்கொள்வதை ஓயாமல் பார்க்கிறேன்.

காலணியைப் பாத வடிவில் செய்த ஓர் அச்சுக்கட்டையின் மேல் இழுத்துத்தான் வடிவமைக்கிறோம். அந்த அச்சு யாருடைய பாதத்தை நினைத்துச் செய்யப்பட்டதோ அவருக்குத்தான் காலணி பொருந்தும். நம் கடைகளில் புழங்கும் அளவுகள் பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களின் முறைகள். பிரிட்டன் முறையில் ஓர் எண் கூடினால் நீளம் சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். அகலம் அந்த அளவுக்குக் கூடாது. அகலத்துக்காக எண்ணை ஏற்றினால் உங்களுக்குத் தேவையில்லாத நீளம்தான் வந்து சேரும், குதிகால் கழல்வது அதனால்தான்.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலமானது என்பது அதில் உறுதியானது. பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதையொட்டி உச்சத்தை எட்டிவிடுகிறது என்பதும் தெரிந்தது. அந்த அடிப்படையில் இந்தியாவுக்கென்று தனி அளவு முறை உருவாகி வருகிறது. அது கடைக்கு வரும் நாளுக்காக நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, வெள்ளைத் தாளின் மேல் நின்று இரண்டு பாதங்களையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் அந்தத் தாளைக் காலணியின் உள்ளே வையுங்கள். தாள் ஓரத்தில் மடங்கினால் அந்தக் காலணி உங்களுக்கானதல்ல. இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பது அரிது, பெரிய காலுக்கே வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். சரிசெய்யக்கூடிய வாரோ நாடாவோ இருப்பது உங்களுக்கு நல்லது. தோல் காலணி போடப்போட ஓரளவு விரிந்துகொடுக்கும், ரெக்சின் விரியாது. கடைக்காரர் சொன்ன அந்த "இரண்டு நாள்" ரெக்சினுக்குச் செல்லாது.

கேள்வி (மதுரை): இரண்டு வருடமாகப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த விலை உயர்ந்த காலணியைப் போட்டேன். நடக்கும்போதே அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அது பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் அடிப்பாகமாக இருக்கும். காற்றின் ஈரப்பதம் அந்தப் பொருளின் பிணைப்பை மெல்ல மெல்ல உடைக்கும். மூடிய பெட்டியும் நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் அது வேகமாக நடக்கும். அடிக்கடி போட்டு நடக்கும் பி.யு. காலணி, பூட்டி வைத்ததைவிட நீண்ட நாள் உழைக்கும். விலை உயர்ந்தது என்று எடுத்து வைக்காமல் மாதம் ஒருமுறையாவது போடுங்கள். பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): அம்மா, நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். பத்து மணி நேரம் நிற்க வேண்டும். மெத்து மெத்தென்று இருக்கும் செருப்பு வாங்கியும் குதிகால் வலி போகவில்லை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது.

பதில்: தங்கையே, உங்களுக்குத் தேவை மென்மையைவிடத் தாங்குதல். கையால் அமுக்கினால் பஞ்சு போல அமுங்கும் செருப்பு, உங்கள் உடல் எடை ஏறியதும் ஒரே மாதத்தில் தட்டையாகிவிடும். கடையில் செருப்பை இரண்டு கைகளாலும் மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. குதிகால் பக்கம் விரல்பக்கத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமாகவும், உள்ளங்கால் வளைவில் ஒரு மேடும் இருக்கட்டும். முற்றிலும் தட்டையான ஹவாய் செருப்பு, நிற்கும் வேலைக்கு ஆகாது. இரண்டு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போட்டால் அமுங்கிய பஞ்சு மீண்டெழ நேரம் கிடைக்கும்.

காலையில் முதல் அடியில் வரும் அந்த வலி, உள்ளங்கால் சவ்வு அழற்சியாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்கள் உரிமை. எவ்வளவு நல்ல செருப்பும் அந்த நாற்காலிக்கு ஈடாகாது.

கேள்வி (புதுச்சேரி): எங்கே பார்த்தாலும் கோலாப்புரிச் செருப்பு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுகூட அதை மேடையேற்றியதாமே? நம் மழைக்கு அது தாங்குமா?

பதில்: தாங்காது. பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை தாராளமாகப் போடுங்கள். கருவேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதப்படுத்திய தோலில் செய்வது அது. திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம்பட்டையால் பதப்படுத்துவதும் இதற்கு உறவான முறைதான். அந்தத் தோல் வியர்வையை உறிஞ்சி வெளியே விடும், வெயிலுக்கு அதைவிடச் சுகமான செருப்பு எனக்குத் தெரியாது. ஆனால் நனைந்தால் கருத்து, காய்ந்ததும் விறைத்துப்போகும். நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தி, சில சொட்டு விளக்கெண்ணெய் தடவுங்கள்.

நீங்கள் கேட்டது இத்தாலிய ஆடை நிறுவனமான பிராடாவைப் பற்றி. 2025 ஜூனில் மிலான் நகரில் அந்த நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில் கோலாப்புரியைப் போன்ற செருப்பு வந்தது. மூலம் எது என்று முதலில் சொல்லவில்லை. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். கோலாப்புரிச் செருப்புக்கு 2019இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் நான்கு மாவட்டங்களும் கர்நாடகத்தில் நான்கு மாவட்டங்களும் அதற்கு உரியவை. நீங்கள் வாங்கும்போது அந்த ஊர்க் கைவினைஞர்களிடமிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரெக்சினில் ஒட்டிய போலிகள் நம் கடைவீதிகளில் ஏராளம். ஓரத்தை உற்றுப் பாருங்கள்: அசலில் தோல் அடுக்குகளும் கைத்தையலும் தெரியும்.

கேள்வி (சென்னை): அம்மா காலத்துக் கட் ஷூ திரும்ப வந்துவிட்டது போலிருக்கிறதே?

பதில்: ஆமாம், பாலே ஃப்ளாட் என்ற பெயரில். வலைத்துணியில் செய்ததும், மேலே ஒரு பட்டை வைத்த மேரி ஜேனும் கூடவே வந்திருக்கின்றன. அலுவலகத்துக்கும் சுடிதாருக்கும் அழகாக இருக்கும். பட்டை வைத்ததையே எடுங்கள், அது பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். கூர்முனை வேண்டாம், கால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கமாகச் சாய்வதும் கால் ஆணியும் அந்தக் கூர்முனையால் அதிகமாகும். அடிப்பாகம் அட்டைபோல் மெலிந்திருந்தால் ஒரு குஷன் இன்சோல் வைத்துக்கொள்ளலாம், அதற்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (ஓசூர்): சேலைக்கு ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு வகுப்பெடுக்கப் போகலாமா? கல்லூரியில் சிரிப்பார்களோ என்று தயக்கம்.

பதில்: தாராளமாகப் போகலாம். இந்தப் பத்தாண்டில் பெண்கள் காலணியில் வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே நிறத்தில், அடிப்பாகம் அதிகம் பருக்காத வெள்ளை அல்லது பழுப்பு ஸ்னீக்கர் கைத்தறிச் சேலைக்கும் பருத்திச் சேலைக்கும் நன்றாகப் பொருந்தும். ஸ்னீக்கரைப் போட்டுக்கொண்டே சேலை கட்டுங்கள், கொசுவத்தின் விளிம்பு காலணியின் மேற்பாகத்தைத் தொட்டு நிற்கட்டும். தரையைத் தொட்டால் படிக்கட்டில் மிதித்துவிடுவீர்கள். பட்டுக்கு மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): ஜனவரியில் எனக்குத் திருமணம். வரவேற்பில் மூன்று மணி நேரம் மேடையில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை உயரம் என்பதால் நான்கு அங்குல ஹீல்ஸ் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாழ்த்துகள்! ஊசி ஹீல்ஸ் வேண்டாம், மேடைக் கம்பளத்தில் புதைந்து தடுமாற வைக்கும். அகலமான பிளாக் ஹீல்ஸ், அதிகபட்சம் இரண்டரை அங்குலம் போதும். இன்னும் உயரம் வேண்டுமானால் விரல்பக்கமும் சேர்ந்து உயர்ந்திருக்கும் பிளாட்ஃபார்ம் எடுங்கள். நான்கு அங்குலத்தில் முன்பக்கம் ஓர் அங்குலம் இருந்தால் உங்கள் பாதம் உணர்வது மூன்று அங்குலச் சரிவைத்தான். முகூர்த்தத்தில் வெறுங்காலோடுதான் இருப்பீர்கள், ஆகவே வரவேற்புச் சேலையை மட்டும் ஹீல்ஸ் போட்ட பிறகு கட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் போட்டு நடந்து பழகுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): என் அம்மாவுக்கு 62 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. பிறந்தநாளுக்கு நல்ல செருப்பு வாங்கித் தர ஆசை.

பதில்: அழகைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெரும்பாலும் எம்.சி.ஆர். செருப்பு போடச் சொல்வார்கள். அது நுண்ணறைகள் கொண்ட ரப்பர், பாதத்தின் அழுத்தத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பும். உணர்விழந்த பாதங்கள் கொண்ட தொழுநோயாளிகளுக்காக வேலூரிலும் அதன் அருகே காரிகிரியிலும் இருந்த மருத்துவர்கள் நெடுங்காலம் முன்பே இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்வார் கட்டாயம். கட்டைவிரல் வளையம் வேண்டாம், அது உரசிப் புண்ணாக்கும், அம்மாவுக்கு வலியும் தெரியாது. ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தவர்களை அறிவேன். அதிகாலையிலோ மாலையிலோ கூட்டிப் போங்கள்.

கேள்வி (டொரொண்டோ): இங்கே பனிக்காலத்துக்கு ஊரிலிருந்து பூட்ஸ் வாங்கி வரலாமா?

பதில்: வேண்டாம், அங்கேயே வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பி.வி.சி. அடிப்பாகம் கடுங்குளிரில் விறைத்து வழுக்கும். குளிருக்கென்று செய்த ரப்பர் அடிப்பாகம் வேண்டும். தடித்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். சாலை உப்பின் வெள்ளைக் கறையைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள்.

கேள்வி (சேலம்): "வீகன் லெதர்" என்று அதிக விலைக்கு விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: விலங்குத் தோல் வேண்டாம் என்பது உங்கள் கொள்கையானால் வாங்குங்கள், அதை மதிக்கிறேன். நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி துணிமேல் பி.யு. அல்லது பி.வி.சி. பூசிய பழைய ரெக்சின்தான். நம் புழுக்கத்தில் மடிப்பு விழும் இடத்தில் உரிந்துவிடும். உரிந்ததற்கு மருந்து கிடையாது. அடிப்பாகம் பிரிந்திருந்தால் மட்டும் தெருமுனைத் தொழிலாளியிடம் கொடுங்கள். சொல்யூஷன் போட்டு ஒட்டியதோடு விடாமல் ஓரத்தைச் சுற்றித் தைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு போடுங்கள்.