பெரியாஸ்பத்திரிக் கூட்டமும் நம் பாடும்: ஓய்வுபெற்ற செவிலியரிடம் கேள்வி பதில்

31 வருடம் அரசு செவிலியராக இருந்தவள் நான். ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, பெரியாஸ்பத்திரி மூன்றிலும் டூட்டி பார்த்திருக்கிறேன். கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விகளில் இருந்த ஆஸ்பத்திரிப் பெயர்களை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி: அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். பெட் இல்லை என்று 2 நாள் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். ராத்திரி டிரிப்ஸ் தீர்ந்து டியூப்பில் ரத்தம் ஏறிவிட்டது. கூப்பிடப் போனால் சிஸ்டர் எரிந்து விழுந்தார். இது நியாயமா அக்கா?

நியாயமில்லை தம்பி. எரிந்து விழுந்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்த ராத்திரி அங்கே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற ஆஸ்பத்திரியில் 5 படுக்கைக்கு ஒருவர் வேண்டும். நான் ராத்திரி டூட்டி பார்த்த வார்டுகளில் கட்டிலும் தரையுமாக 60 பேர் கிடப்பார்கள், நாங்கள் 2 பேர் இருப்போம். 10 மணி ஊசியைப் போட்டு முடிப்பதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும். நடுவில் புது அட்மிஷன், ரத்தம் எடுத்து அனுப்புவது, ரெஜிஸ்டர் எழுதுவது. தனியார் ஆஸ்பத்திரி பெட் இல்லை என்று கதவைச் சாத்திவிடும். அரசு ஆஸ்பத்திரி அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது, அதனால்தான் பாய்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டிரிப்ஸ் தீரப் போகிறது என்றால் டியூப்பில் இருக்கும் சின்ன உருளையைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி மூடிவிட்டு, அப்புறம் கூப்பிடுங்கள். மூடாமல் விட்டால் ரத்தம் ஏறி ஊசிக்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும், அம்மாவுக்கு இன்னொரு குத்து. வேறு எதையும் தொட வேண்டாம்.

கூப்பிடும்போது "வந்து பாருங்க சிஸ்டர்" என்று மட்டும் சொன்னால் அறுபதில் ஒரு குரலாகப் போய்விடும். "மத்தியானத்திலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை", "மூச்சு வாங்குகிறது", "பேர் கேட்டால் உளறுகிறார்" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். எழுந்து வராத செவிலியரை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்படியும் வராவிட்டால் டூட்டி டாக்டர், அவருக்கு மேலே ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர். ராத்திரி யார் பொறுப்பு என்று காஷுவாலிட்டியில் கேட்டால் சொல்வார்கள்.

என் மாமியாரும் ஒரு ஆஸ்பத்திரியில் தரையில் கிடந்தார். நான் சிஸ்டர் என்று யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் 6 மணி நேரம் யாரும் பிரஷர் பார்க்கவில்லை. நான் இருந்த வார்டுகளில் எத்தனை பேர் இப்படிக் கிடந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்.

பாம்பன் நாட்டுப்படகு மீனவர்: வலையிலிருந்து எடுக்கும்போது திருக்கை முள் காலில் ஏறிவிட்டது. உயிர் போகிற வலி. காஷுவாலிட்டியில் 2 மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, எனக்குப் பிறகு வந்த பைக் விபத்துக்காரரை முதலில் பார்த்தார்கள். சிபாரிசா?

சிபாரிசு இல்லை அண்ணே. அவசரப் பிரிவில் வந்த வரிசை கணக்கில்லை, உயிர் வரிசைதான். டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு ஆளைப் பார்த்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவர் சிவப்பு. வலியில் கத்தினாலும் பேசவும் உட்காரவும் முடிகிறவர் பெரும்பாலும் பச்சை. கத்துகிறவரைவிடச் சத்தமில்லாமல் கிடக்கிறவரைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம்.

ஆனால் 2 மணி நேரம் சும்மா உட்கார வைத்தது தப்புதான். ஒரு வாளி வெந்நீர் போதும். திருக்கை விஷம் சூட்டில் வலுவிழக்கும். பொறுக்கிற சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை முக்கி வைக்க வேண்டும். அடிபட்ட கால் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துவிடலாம். நல்ல காலை விட்டுச் சூடு பாருங்கள். படகில் அடுப்பு இருந்தால் கரைக்கு வரும் முன்பே ஆரம்பிக்கலாம். முள் ஒடிந்து உள்ளே தங்கும், டாக்டர் பார்த்து எடுக்க வேண்டும், டெட்டனஸ் ஊசியும் வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். அப்போது நீங்கள்தான் சிவப்பு.

கீழக்கரை: வாப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் தொடுவோம் என்றார்கள். அங்கிருந்து கிளம்பி இன்னோர் இடம் போவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

அவர்கள் செய்தது சட்டப்படியே தப்பு. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989 லேயே சொல்லிவிட்டது. காசு, போலீஸ், கேஸ் எல்லாம் அப்புறம்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் இந்தச் சட்டத்தைச் சொல்லி வாதாடிக்கொண்டிருக்க முடியாது. நம் மக்களுக்கு அதிகம் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' என்ற திட்டம் வந்தது. மாரடைப்பு என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரையை ஒரே வேளையில் கொடுப்பார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. ரத்தக்கட்டி இன்னும் பெரிதாகாமல் நேரம் வாங்கிக் கொடுக்கிற மருந்து அது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர், ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் வெறும் வயிற்றெரிச்சல் மாத்திரையோடு போகக் கூடாது. முதலில் 108 கூப்பிடுங்கள், வழியில் எந்த நிலையத்தில் மருந்து கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். யாரோ கொடுத்தார்கள் என்று வீட்டிலேயே அந்த 14 மாத்திரையை விழுங்க வேண்டாம், ரத்தக்கசிவு உள்ளவருக்கு அதுவே வினையாகும்.

அதே கீழக்கரை வாசகர்: முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தது. காட்டியும் பணம் கேட்டார்களே?

அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் உண்டா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தும் கேட்டால் 1800 425 3993 இலவச எண்ணில் அங்கேயே நின்று புகார் சொல்லுங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. கட்டிய பணத்துக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

பெரியபட்டினம்: மருமகளுக்கு நிறைமாதம். வலி வந்து ஓர் இடம் போனோம், அங்கிருந்து இன்னோர் இடம், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. மூன்று இடத்திலும் "ரெபர்" என்று ஒரே வார்த்தை. எதற்குத்தான் இத்தனை ஆஸ்பத்திரி?

அம்மா, இந்தக் கேள்விக்கு எனக்கே கோபம் வரும். பல நேரம் காரணம் ஒன்றுதான்: மயக்க மருந்து டாக்டர் அன்றைக்கு இல்லை. கத்தி எடுக்கிற டாக்டர் இருப்பார், தியேட்டர் இருக்கும், மயக்கம் கொடுக்க ஆள் இருக்காது. அடுத்த காரணம் ரத்தம். சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் சேமித்து வைக்கும் பெட்டிதான் இருக்கும், உங்கள் பிரிவு அதில் இல்லையென்றால் துணிந்து இறங்க மாட்டார்கள். இதை வாய் திறந்து சொல்லாமல் "ரெபர்" என்று சீட்டைக் கிழிப்பதுதான் கெட்ட பழக்கம்.

அனுப்பும்போது நீங்கள் கேட்க வேண்டியது மூன்று. எதற்காக அனுப்புகிறீர்கள் என்று சீட்டில் எழுதித் தாருங்கள். போகிற இடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டீர்களா? வண்டியில் செவிலியரோ 108 ஊழியரோ கூட வருகிறாரா? இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். வெறும் சீட்டோடு போனால் அங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அதைவிட நல்லது, வலி வரும் வரை காத்திருக்காமல் இருப்பது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. முதல் பிரசவம் சிசேரியன், பிரஷர், சர்க்கரை, இரட்டைப் பிள்ளை, இதில் ஒன்று இருந்தாலும் எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று எட்டாம் மாதத்திலேயே கிராம செவிலியரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண் உள்ள அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட 102 வண்டி உண்டு, காசில்லை.

தொண்டி: ஸ்ட்ரெச்சர் தள்ள 100, குழந்தையைக் கையில் கொடுக்க 500.

கொடுக்காதீர்கள் என்று சொல்வது எனக்கு எளிது. பச்சைப்பிள்ளை அவர்கள் கையில் இருக்கும்போது யார் பேரம் பேசுவார்கள்? கொடுத்திருந்தாலும் தேதி, நேரம், வார்டு, ஷிப்டு குறித்து வைத்து டிஸ்சார்ஜ் ஆனதும் எழுதிக் கொடுங்கள். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் நலப்பணிகள் இணை இயக்குநருக்கு, மருத்துவக் கல்லூரி என்றால் டீனுக்கு. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மனுவுக்கு ரசீது எண் கிடைக்கும், அது முக்கியம். திரும்பத் திரும்ப நடந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை.

தேவிபட்டினம்: கவனிக்காமல் விட்டதால்தான் அப்பா இறந்தார் என்று நினைக்கிறோம். கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

முதலில் காகிதம், பிறகு வழக்கு. நோயாளியோ அவர் சார்பானவரோ கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு, 30 நாள் கெடு.

நுகர்வோர் நீதிமன்றத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1995 இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள் வராது. காசு வாங்கிய தனியார் என்றால் 2 வருடத்துக்குள் போகலாம். அரசு என்றால் துறைக்குப் புகார், மாநில மனித உரிமை ஆணையம், இல்லையென்றால் உயர் நீதிமன்றம். டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் புகார் தரலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டால் ஆஸ்பத்திரிகளைத் தாக்குவதற்கு எதிரான 2008 சட்டப்படி ஜாமீன் இல்லாத வழக்கு உங்கள் மேல் வரும். அப்பா எப்படி இறந்தார் என்று அதற்கப்புறம் யாரும் பேச மாட்டார்கள்.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: 2022 இல் நம் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. கூட்டம் மட்டும் ஏன் குறையவில்லை?

நல்ல கேள்வி தம்பி. டாக்டர் கூடினால் கூட்டமும் கூடும். முன்பு மதுரைக்குப் போனவர்கள் இங்கே வருகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் சளிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் சேர்த்து வருகிறார்கள். திங்கள் காலை முதல் பஸ்ஸில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் சர்க்கரை, பிரஷர் நோட்டுதான். அந்த மாத்திரை உள்ளூர் சுகாதார நிலையத்தில் கிடைக்கும், 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகிறது. "பெரியாஸ்பத்திரி மாத்திரைதான் கேட்கும்" என்பார்கள். இரண்டும் ஒரே அரசு மருந்துக் கழகத்திலிருந்து வருகிற மாத்திரை!

மக்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். போன 3 தடவையும் "டாக்டர் மீட்டிங் போயிருக்கார்" என்று கேட்டவர் நாலாவது தடவை அந்தச் சுகாதார நிலையத்துக்கு ஏன் போவார்?

ஏர்வாடி: தம்பிக்கு மனநலப் பிரச்சினை. எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்த்து வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கட்டிப் போட்டால்தான் அடங்குகிறான்.

கட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் தீயில் போனார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கள் இருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் கேளுங்கள். ராத்திரி கைமீறினால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். தர்காவுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

சாயல்குடி: ஆபரேஷனுக்கு அத்தையைச் சேர்க்கப் போகிறோம். என்ன எடுத்துப் போவது அக்கா?

ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய சீட்டு எல்லாம் ஒரே பையில், ஒவ்வொன்றிலும் 2 நகல். சாப்பிடுகிற மாத்திரையை அட்டையோடு கொண்டு போங்கள், பேர் சொல்லத் தெரியாது. பாய், போர்வை, பிளாஸ்க், வாளி, கொசுவத்தி. ஒரு சின்ன நோட்டும் பேனாவும், எந்த டாக்டர் எப்போது வந்தார், என்ன ஊசி போட்டார் என்று எழுத. ராத்திரி கூட இருக்க நிதானமான ஆளாகப் பாருங்கள், வார்டில் சண்டை போடுகிற மச்சானை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். போன் சார்ஜர் கொண்டு போனாலும் பிரயோசனம் இல்லை, இருக்கிற ஒரு பிளக்கில் ஏற்கெனவே ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள்.