சாலும் வரப்பும் அழியாமல்: சுட்ட குண்டை மீட்பது பற்றிக் கேள்வி பதில்

துப்பாக்கி ஆய்வுக்கூடம் ஒன்றில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கில் வசிக்கிறேன். பரிசோதனைக்காகச் சுடும் குண்டைச் சிதையாமல் எப்படி மீட்கிறார்கள் என்று கேட்டுப் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் நாளிதழ்கள் எல்லாவற்றையும் ‘தோட்டா’ என்றே எழுதிவிடுகின்றன. உறை, தீமூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குழலிலிருந்து பறந்து செல்வது குண்டு மட்டுமே. மலாயில் கெலோங்சோங் என்று சொல்லப்படும் பித்தளை உறை சுட்ட இடத்திலோ துப்பாக்கிக்குள்ளோ தங்கிவிடும்.

சம்பவ இடத்திலேயே குண்டு கிடைத்துவிட்ட பிறகு ஆய்வுக்கூடத்தில் மறுபடியும் ஏன் சுட வேண்டும், ஐயா? (கல்லூரி மாணவி, ஆயர் ஈத்தாம்)

ஒப்பிடுவதற்கு இன்னொரு குண்டு வேண்டும் என்பதற்காகத்தான், அம்மா. துப்பாக்கிக் குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பதில்லை. உழுத வயலைப் போல அதில் சாலும் வரப்பும் மாறி மாறி, திருகாணியின் மரை போலச் சுற்றிச் செல்கின்றன. குண்டு சுழன்று நேராகப் பறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. குண்டு குழலைவிட ஒரு மயிரளவு பெரிதாக இருப்பதால், நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது வரப்பின் தடம் அதன் பக்கவாட்டில் பதிந்துவிடுகிறது. எத்தனை வரப்பு, எவ்வளவு அகலம், வலம்புரியா இடம்புரியா என்பதைக் கொண்டு துப்பாக்கியின் வகையைச் சொல்லலாம். கோல்ட் கைத்துப்பாக்கிகள் மரபாக இடம்புரி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வலம்புரி. அந்தத் தடத்துக்குள் இன்னும் நுண்ணிய கீறல் வரிகள் இருக்கும். குழலைக் கடைந்த கருவியின் தேய்மானமும் பிற்காலப் பயன்பாடும் விட்டுச் சென்ற வரிகள் அவை. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு துப்பாக்கிகளை அவற்றைக் கொண்டுதான் பிரித்தறிய முயல்கிறோம்.

பிரான்சின் லியோன் நகரில் அலெக்ஸாண்டர் லக்கசாஞ், உடலிலிருந்து எடுத்த குண்டின் தடங்களை 1889-இலேயே ஒரு துப்பாக்கியோடு பொருத்திப் பார்த்தார். இரண்டு குண்டுகளை ஒரே பார்வைப் புலத்தில் பாதிப் பாதியாக வைத்துக் காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கி, 1925 வாக்கில் நியூயார்க்கில் பிலிப் கிராவெல், கால்வின் கோடார்ட் ஆகியோர் இருந்த குழுவின் கையில் இந்த வேலைக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துச் சிகாகோவில் காதலர் தினத்தன்று ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலையாளிகளில் சிலர் போலீஸ் சீருடையில் வந்ததால் ஊரே போலீசாரைச் சந்தேகித்தது. போலீசாரின் தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளை கோடார்ட் சுட்டுப் பார்த்து, கொலைக்குப் பயன்பட்டவை அவையல்ல என்று காட்டினார். பொருந்தவில்லை என்று சொல்வதற்கும் நல்ல குண்டு வேண்டும் என்பதை இளையவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மணல் மூட்டையில் சுட்டால் குண்டு நின்றுவிடுமே? (வாகனப் பட்டறை உரிமையாளர், செந்தூல்)

நின்றுவிடும், ஆனால் நமக்கு வேண்டியது எதுவும் அதில் மிஞ்சாது. குண்டின் மேல் போர்த்தியிருக்கும் செம்பைவிட மணல் கடினமானது. உப்புத்தாள் தேய்த்தது போல அது பக்கவாட்டை உரித்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் தெரிவது மணலின் கீறல்தான், குழலின் கீறல் அன்று. குண்டை நிறுத்துவது பெரிய காரியமில்லை. அதன் பக்கவாட்டைத் தொடாமல் நிறுத்துவதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது.

அதற்குத் தண்ணீரைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஆனாலும் செம்பைக் கீறும் வலு அதற்கு இல்லை. வழக்கமான தொட்டி எவர்சில்வர் தகட்டால் ஆனது, ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளமுடையது, ஒரு முனையில் துப்பாக்கியை நுழைக்கக் குழாய் பொருத்தப்பட்டது. மேலோட்டமான கோணத்தில் சுட்டால் குண்டு நீர்ப்பரப்பில் தட்டித் தெறித்துவிடும் என்பதால்தான் அந்தக் குழாயும் கனத்த மூடியும். விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் நுழையும் 9 மில்லிமீட்டர் குண்டு ஒன்றரை மீட்டருக்குள் களைத்துப்போய் மெதுவாக அடியில் இறங்கிவிடும். ‘டொம்’ என்று ஓர் ஓசை எழும், மூடியின் அடிப்புறத்தில் தண்ணீர் மோதும், பிறகு குமிழிகள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நீண்ட கோலின் நுனியில் ஒட்டுப்பசையை உருட்டி வைத்து, கலங்கிய நீருக்குள் புளியங்கொட்டை அளவில் கிடப்பதன் மூக்கைத் தொட்டு மேலே தூக்குவோம். இடுக்கியால் பக்கவாட்டில் பிடித்தால், நான் அங்கே இருந்தவரை, கட்டாயம் என்னிடமிருந்து திட்டு விழும்.

அந்தக் காலத்தில் பஞ்சுப் பெட்டியில் சுட்டதாகப் படித்தேன். அது இப்போதும் உண்டா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், பத்து கேவ்ஸ்)

உண்டு, எனக்குத்தான் அதன்மேல் நம்பிக்கை குறைவு. நீண்ட பெட்டியில் கழிவுப் பஞ்சைத் திணித்து, இடையிடையே அட்டைகளைச் செருகி வைப்பார்கள். கடைசியாகத் துளை விழுந்த அட்டைக்கும் துளை விழாத முதல் அட்டைக்கும் இடையில் குண்டு இருக்கும். பஞ்சு மென்மையானது என்று நினைக்கிறோம். ஆனால் சூடான குண்டு அதில் சுழன்றுகொண்டே போகும்போது நூல் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளும். மென்மையான ஈயக் குண்டாக இருந்தால் நுண்வரிகள் மெருகேறி மங்கிவிடுகின்றன. தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நம் ஊர் இலவம்பஞ்சை, அதாவது கெகாபுவை, அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், முந்தைய வழக்கின் குண்டு ஒன்று பஞ்சுக்குள் தங்கியிருந்ததைக் கவனிக்காமல் அடுத்த துப்பாக்கியைச் சுட்டுவிட்டேன். இரண்டு முறை சுட்டு மூன்று குண்டுகளை எடுத்தபோது உள்ளங்கை வியர்த்துவிட்டது. மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பஞ்சு முழுவதையும் மாற்றி, முதலிலிருந்து தொடங்கினோம். சுட்டதையும் எடுத்ததையும் எண்ணி எழுதாமல் அடுத்த முறை விசையைத் தொடக் கூடாது என்ற பழக்கம் அன்றுதான் எனக்கு வந்தது.

நீளத் துப்பாக்கிக் குண்டையும் அதே தொட்டியில் பிடிக்கலாமா? (பட்டர்வொர்த்)

பெரும்பாலும் முடியாது. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வரும் 5.56 மில்லிமீட்டர் குண்டுக்கு, 9 மில்லிமீட்டர் குண்டின் வேகத்தில் இருந்ததைவிடச் சுமார் ஆறரை மடங்கு அடி விழும்; அது புரண்டு, வளைந்து, செம்புப் போர்வை கிழிந்து துண்டுகளாகிவிடும். மருந்தைக் குறைத்து வேகத்தை இறக்கிச் சுடும் வழி உண்டு. ஆனால் அழுத்தம் மாறினால் தடமும் சற்று மாறக்கூடும் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். மூக்கில் குழியுள்ள குண்டுகளுக்கு வேறு தொல்லை: குழிக்குள் தண்ணீர் புகுந்து அவற்றைப் பூப்போல விரித்துவிடும். குழியை மெழுகால் அடைத்துவிட்டுச் சுட்டால் விரிவது குறையும்.

வாழைமரத்தில் சுட்டு எடுக்கலாம் என்கிறாரே என் மாமா? (பாலேக் பூலாவ்)

மாமா முழுத் தவறாகச் சொல்லவில்லை. வாழைமரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் மட்டைக்கு மட்டை அடர்த்தி மாறுவதால் குண்டு எங்கே திரும்பும், எந்தப் பக்கம் வெளியேறும் என்று யாராலும் சொல்ல முடியாது. செய்து பார்க்கும் எண்ணம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்த நாட்டில் உரிமம் இல்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்கே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது.

அறுவை அறையில் எடுக்கப்படும் குண்டை நாங்கள் எப்படிக் கையாள வேண்டும்? (தாதி, கோலாலம்பூர்)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன், சகோதரி. தொட்டியில் நாங்கள் எடுக்கும் குண்டு கெட்டால் மறுபடியும் சுட்டுக்கொள்ளலாம். நீங்கள் எடுப்பதற்கு மாற்று கிடையாது. ஒருமுறை ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த குண்டின் இரு பக்கமும் இடுக்கியின் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. மிஞ்சிய ஒரே ஒரு வரப்புத் தடத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் போராடினேன். ரப்பர் உறை போட்ட இடுக்கியோ கையுறை அணிந்த விரல்களோ போதும். விரிந்த குண்டின் செம்பு இதழ்கள் பிளேடு போலக் கூர்மையானவை. அவை கையுறையைக் கிழிக்கும் என்பதால் விரலை அவசரமாக நுழைக்க வேண்டாம்.

எடுத்ததை உலோகக் கிண்ணத்தில் ‘டங்’ என்று போடாதீர்கள். தேய்த்துக் கழுவவும் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் துணி இழையோ கண்ணாடித் தூளோ, குண்டு எதைத் துளைத்து வந்தது என்று சொல்லும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈயம் வெளுத்து அரிக்கும். உலர்ந்த பிறகு காகிதத்தில் மடித்துச் சிறு பெட்டியில் வையுங்கள். அடையாளத்தைப் பெட்டியின் மேல் எழுதுங்கள், குண்டின் மேல் கீற வேண்டாம். யார் கையில், எத்தனை மணிக்கு ஒப்படைத்தீர்கள் என்ற கையெழுத்தும் குண்டின் அளவுக்கு முக்கியமானது.

தொலைக்காட்சியில் காட்டுவது போல இரண்டு படங்களும் அப்படியே பொருந்துமா? (சட்ட மாணவர், பிரிக்பீல்ட்ஸ்)

பொருந்தாது. அதனால்தான் குறைந்தது இரண்டு மூன்று முறை சுட்டு, அந்தக் குண்டுகளை முதலில் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறோம். ஒரே குழலிலிருந்து வந்தவையே தமக்குள் ஒத்துப்போகாவிட்டால் சம்பவக் குண்டைப் பற்றி என்ன பேச முடியும்? கிளாக் போன்ற சில கைத்துப்பாக்கிகளில் வரப்புக்குக் கூரிய விளிம்பு இல்லாத பலகோணக் குழல் இருப்பதால் வரிகள் தெளிவாக விழுவதில்லை. பொருந்துகிறது, பொருந்தவில்லை என்பவற்றோடு ‘முடிவு கூற இயலாது’ என்பதும் நேர்மையான பதில்தான். 2016-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, இந்த ஒப்பீட்டின் அறிவியல் அடிப்படைக்குப் போதிய சோதனைகள் இன்னும் இல்லை என்று எழுதியபோது எங்களில் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அதில் பாதி நியாயமாகவே பட்டது. நம் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவும் நிபுணர் சொல்வதைக் கருத்து என்றுதான் ஏற்கிறது.

பத்து மாவுங்கில் வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டும்போது பழைய பித்தளைத் தோட்டா ஒன்று கிடைத்தது. போர்க்காலத்துப் பொருளாக இருக்குமா?

இருக்கலாம், பிரிட்டிஷார் 1930-களில் கோட்டை கட்டிய மலை அங்கேதான் இருக்கிறது. ஆனால் குண்டு இன்னும் உறையிலேயே இருந்தால் அது சுடப்படாத தோட்டா. எத்தனை ஆண்டு மண்ணில் கிடந்தாலும் மருந்து செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தொடாமல் 999-ஐ அழையுங்கள். முக்கியமாக, குத்துவிளக்குக்குச் செய்வது போல அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள்.