வாங்கியவர் கொடுத்த வரிப்பணம் ஏலத்துக்குப் போகலாமா?

கேள்வி: நானும் தம்பியும் டெக்சஸில், ஹூஸ்டனை ஒட்டிய ஊரில், பழைய கார் விற்பனை நிலையம் நடத்துகிறோம். மாதம் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் விற்கின்றன. லாபம் இருக்கிறது. ஆனாலும் வாகன விற்பனை வரியைக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்தில் கட்டும்போது மாதாமாதம் இரண்டு மூன்று வண்டிகளுக்காவது தாமத அபராதம் விழுகிறது. கெடு நெருங்கும்போது கையில் பணம் இருப்பதில்லை. பணம் இருந்தால் டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) வந்திருப்பதில்லை. வங்கியில் கடன் வசதி ஒன்று ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ‘லாபம் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கில் வரிப்பணமும் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் சிக்கலின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

18,000 டாலருக்கு ஒரு வண்டி விற்கிறீர்கள். வாங்குபவர் கொடுத்த பழைய வண்டிக்கு 4,000 டாலர் கழிக்கிறீர்கள். மீதி 14,000 டாலருக்கு 6.25 சதவீதம் வரி, அதாவது 875 டாலர். இப்படிப் பன்னிரண்டு வண்டி விற்றால் 10,500 டாலர். ஏலத்தில் ஒரு நல்ல வண்டி எடுக்கப் போதுமான தொகை. வங்கி இருப்பைப் பார்த்து அடுத்த ஏலத்துக்குக் கிளம்பும் பழக்கம் இருந்தால், நீங்கள் எடுத்துப்போவதில் அரசின் பணமும் சேர்ந்தே போகிறது. வசூலித்த வரி அரசுக்காக உங்கள் பொறுப்பில் இருக்கும் பணம் என்றே டெக்சஸ் வரிச் சட்டம் சொல்கிறது. தெரிந்தே கட்டாமல் விட்டால், நிறுவனத்தைத் தாண்டி, வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பில் இருப்பவரிடமே நேரடியாகக் கேட்க முடியும். எல்எல்சியாக, அதாவது உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக, பதிந்திருக்கிறோம் என்ற தைரியம் இங்கே உதவாது. நீங்களா தம்பியா, யார் அந்தப் பொறுப்பில் இருப்பது என்று இன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள்.

ஆகவே வரிக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அதற்கு டெபிட் கார்டு வேண்டாம். விற்பனை முடிந்த அன்றே வரி, டைட்டில் கட்டணம், பதிவுக் கட்டணம் மூன்றையும் அதில் போட்டுவிடுங்கள். வாங்குபவர் வங்கிக் கடனில் எடுக்கிறார், கடன் நிறுவனம் பணம் அனுப்பச் சில நாள் ஆகும், டவுன் பேமெண்ட்டும் குறைவு என்றால், வரித்தொகையை உங்கள் கைப்பணத்திலிருந்து அந்தக் கணக்கில் வையுங்கள். அப்படி வைக்கக் கையில் பணம் இல்லையென்றால், உங்கள் முதலுக்கு மீறி வண்டிகளை வாங்கி நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். இதைச் சொன்னால் கசக்கும் என்று தெரியும். ஆனால் இரண்டு வண்டி குறைவாக நிறுத்தினால் தீரக்கூடிய பிரச்சினை இது.

அடுத்தது டைட்டில். விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் வாங்கியவர் பெயருக்கு டைட்டில் விண்ணப்பித்து வரியும் கட்ட வேண்டும். ஏலத்தில் எடுத்த வண்டிக்கு டைட்டில் சில வாரம் கழித்து வருவது சகஜம். அது வருவதற்குள் வண்டியை விற்றால், உங்கள் கெடு மட்டும் ஓடத் தொடங்கிவிடும். டைட்டில் கைக்கு வராத வண்டியை விற்பனை வரிசையில் நிறுத்தாதீர்கள். ஃப்ளோர் பிளான் கடன் (விற்பனைக்கு நிறுத்தும் வண்டிகளை வாங்க டீலருக்குக் கிடைக்கும் கடன்) கொடுத்தவரிடம் டைட்டில் இருந்தால், விற்ற பணம் வந்த அன்றே அந்தக் கடனை அடைத்து மீட்டுவிடுங்கள்.

2025 ஜூலை 1 முதல் டெக்சஸ் டீலர்கள் எல்லோரும் வெப்டீலர் இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி ஓடிய மைல் கணக்கில் ஒரு இலக்கம் மாறினாலும், ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கவுண்டி அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வந்ததால் விற்ற தேதி மாறப்போவதில்லை. அதனால் 30 நாளை மறந்துவிட்டு, விற்ற பத்தாவது நாளையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் திரும்பி வந்த விண்ணப்பங்களைத் தம்பியோ நீங்களோ, யாராவது ஒருவர் மட்டும் பார்க்க வேண்டும். ‘அவர் பார்த்திருப்பார்’ என்று இருவரும் விட்டுவிட்ட கோப்புகள்தான் கெடு தாண்டும்.

இப்போது கடன். அபராதம் முதல் 30 நாள் தாமதத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 10 சதவீதம். ஒரே ஒரு நாள் தாமதமானாலும் 5 சதவீதம்தான். நம் 875 டாலருக்கு 43.75 டாலர். அதே தொகையை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் பத்து நாள் கடன் வாங்கினால் வட்டி நாலரை டாலர்கூட வராது. எனவே 28ஆம் நாள் பணம் இல்லாமல் நிற்கும்போது கடன் வாங்கிக் கட்டுவது புத்திசாலித்தனம். கடன் வசதியை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட வேண்டிய மாதத்தில் புதிதாக வண்டி எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு.

நீங்களே தவணைக்கு விற்கும் வண்டிகள் இருந்தால் கணக்கு வேறு. அதற்கு மாநிலத்தின் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் (வரி வசூலைக் கவனிக்கும் அலுவலகம்) தனி அனுமதி பெற்று, தவணை வரவர அதற்குரிய வரியைக் கட்டலாம். டைட்டில் விண்ணப்பத்துக்கும் 45 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அந்தத் தவணைக் கடனை வெளியாருக்கு விற்றால் மீதி வரி முழுவதும் அப்போதே கட்ட வேண்டியதாகிவிடும். இந்த ஒரு விஷயத்துக்கு உங்கள் கணக்காளரிடம் போய் உட்கார்ந்து பேசுவது நல்லது.

அபராதத் தொகையை வாங்கியவர் தலையில் கட்டாதீர்கள். அவர் வரியை முதல் நாளே உங்களிடம் கொடுத்துவிட்டார்.

இந்த வாரமே, நிலுவையில் இருக்கும் கோப்புகளை விற்ற தேதிப்படி அடுக்குங்கள். 20 முதல் 30 நாள் ஆனவற்றை முதலில் முடியுங்கள். அவற்றின் அபராதத்தை இன்னும் முழுதாகத் தவிர்க்கலாம். அடுத்து 60 நாளை நெருங்குபவை; அதைத் தாண்டினால் அபராதம் 10 சதவீதமாகிவிடும். அதையும் தாண்டியவை இருந்தால் அந்த வாடிக்கையாளர்களை நீங்களே தொலைபேசியில் அழைத்து நிலவரத்தைச் சொல்லிவிட்டு, அதே வாரத்தில் அவற்றையும் கட்டி முடித்துவிடுங்கள்.