வெள்ளிக்கிழமைப் பிளேன்ரீ

வணக்கம் அண்ணை,

விசுவமடுவில் எங்கள் வளவில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஐந்தாறு பேர் கூடுவோம். இரண்டு தேவாரம், கொஞ்ச நேரம் கண்மூடி இருப்பது, பிறகு பிளேன்ரீயும் கதையும். ஒருவர் கத்தோலிக்கர், அவர் செபம் சொன்னால் நாங்களும் இருப்போம். போன கிழமை பெரியப்பா வந்து, "தீட்சையும் இல்லை, குருவும் இல்லை, இதென்ன கூத்து? இத்தனை பேரைப் பறிகொடுத்த மண்ணில் என்ன சிரிப்பு?" என்று ஏசிவிட்டுப் போனார். சங்கமாகப் பதிந்தால் மரியாதை வரும் என்கிறார் ஒரு கூட்டாளி. எங்களோடு வந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் மே மாதத்துக்குப் பிறகு வருவதில்லை. அவவை எப்படியாவது சந்தோசப்படுத்த வேண்டும். என்ன செய்யலாம்?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பதிகிற கதையை முதலில் முடித்துவிடுகிறேன்: வேண்டாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று கதிரை போட்டால் பாயில் இருக்க ஆள் மிஞ்சாது. எங்கள் ஊர்ப் பசனைக் கூட்டம் ஒன்று இப்படித்தான் கணக்குக் கொப்பியில் வந்து நின்றது. ஆர்மோனியம் யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பெரியப்பாவோடு வாதாடாதீர்கள். தீட்சைக்கு அதற்குரிய மரியாதை இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியை அவரும் கும்பிடுவார்தானே? சுவாமி உங்கள் பக்கம் கிளிநொச்சியில், நீர்ப்பாசன வேலைக்கு ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அவருடைய குரு செல்லப்பா சுவாமி நல்லூர்த் தேரடியில் கிடந்தவர். மடம் கட்டவில்லை, தேடி வந்தவர்களை ஏசித் துரத்தினார். பிறகு கொழும்புத்துறைக் கொட்டிலில் யோகரைச் சுற்றிக் கூடியவர்களுக்கும் நிகழ்ச்சி நிரல் கிடையாது. ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் பேச்சு, ஒரு நாள் ஏச்சு. "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்பது அங்கே கேட்ட வார்த்தைதான். அடுத்த வெள்ளி பெரியப்பாவுக்கும் ஒரு பாய் போடுங்கள். பண் பிசகாமல் பாடக்கூடிய ஆள் அவராகத்தான் இருப்பார்.

சிரிப்பைப் பற்றி அவர் கேட்டது லேசான கேள்வி இல்லை. அதே கோபம் எனக்கும் ஒரு நாள் வந்தது.

2009, போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம். தண்ணீர் பவுசருக்குக் கான்களோடு வரிசையில் நிற்கிறோம். பின்னேரம், தறப்பாள் வெக்கை. முன்னால் நின்ற ஒரு அம்மா தன்பாட்டில் "நாமார்க்கும் குடியல்லோம்" என்று தொடங்கினா. "இன்பமே எந்நாளும் துன்பமில்லை" வரை வந்து அடுத்த அடி மறந்துபோய் நின்றா. பின்னால் நின்ற பெடியன் ஒருவன் எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஒரு சினிமாப் பாட்டின் அடியைப் பாடிவிட்டான். வரிசையே சிரித்தது. வெறும் கான்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. எல்லாரையும் விட அதிகம் சிரித்தது அந்த அம்மா. அவவின் குடும்பத்தில் முகாமுக்கு வந்து சேர்ந்தது அவ மட்டும்தான். எப்படிச் சிரிக்க மனம் வருகிறது என்று எனக்குள் எரிந்தது. அவ சிரித்து முடித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, கானைக் காலால் அரையடி முன்னால் தள்ளினா. பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினா.

அப்பர் அதைப் பாடியதும் சுகமாக இருந்து அல்ல. சூலை நோயில் துடித்து எழும்பிய மனிதர், பல்லவ அரசனின் ஆட்கள் கூப்பிட வந்து வாசலில் நிற்கும்போது பாடியது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காதது அந்த "எப்படியாவது". அக்காவுக்குச் சிரிக்க வேண்டிய கடமை ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கு நீங்கள் அவவின் வளவுக்குப் போங்கள். எல்லாரும் வேண்டாம், இரண்டு பேர் போதும். தேவாரத்தை அவ தொடங்கினால் பாடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால், இருட்டினாலும் கேட்டுக்கொண்டிருங்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போவது நல்லது, இல்லாவிட்டால் அவ எழும்பி அடுப்பு மூட்டப் போய்விடுவா. பனங்கட்டியும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணை