மரைன் (கடல் மீன்) தொட்டிக்குக் கட்டுப்படியாகிற பம்ப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் சார். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக நல்ல தண்ணீர் மீன்கள்தான் வளர்த்தேன். இப்போது உப்புத் தண்ணீருக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது, ஒரு ஜோடி கிளவுன் மீனும் கொஞ்சம் லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) இருக்கின்றன. அப்புறம் மஷ்ரூம், சோவாந்தஸ் மாதிரி மென்பவளம் வைக்க ஆசை. கொளத்தூரில் ஒரு கடையில் மணிக்கு 8000 லிட்டர் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) வேண்டும் என்கிறார்கள், பக்கத்துக் கடையில் பழைய பவர்ஹெட்டே போதும் என்கிறார்கள். 3000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. எதை வாங்க? (ஆர்.எம்., பெரம்பூர்)

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒரு பெரிய பம்புக்குப் பதிலாக, புரொப்பெல்லர் வைத்த சின்ன வேவ்மேக்கர் இரண்டு வாங்குங்கள், உங்கள் பட்ஜெட்டுக்குள் முடிந்துவிடும்.

முதலில் கணக்கு. உங்கள் தொட்டி விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். மேலே விடும் இடைவெளி, கல், மணல் எல்லாம் போக உண்மையான தண்ணீர் 150 லிட்டர்தான் இருக்கும். மீன் மட்டும் என்றால் ஒரு மணி நேரத்தில் அந்தத் தண்ணீர் பத்து தடவை சுழன்றால் போதும், மென்பவளம் வைக்கப் போகிறீர்கள் என்பதால் இருபது தடவை என்று வைத்துக்கொள்வோம். 3000 லிட்டர் வருகிறது. ஆனால் விலை குறைந்த பம்புகளின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, பத்தில் ஆறு பங்குதான் கிடைக்கும் என்று வைத்துத்தான் பார்ப்பேன். ஆகவே 2500 லிட்டர் என்று எழுதியிருப்பதில் இரண்டு வாங்கினால் சரியாக வரும்.

பழைய பவர்ஹெட் ஏன் வேண்டாம் என்றால், அதற்குள் இருப்பது இம்பெல்லர், அது தண்ணீரை ஒரு சின்ன மூக்கு வழியாகப் பீய்ச்சி அடிக்கும். குழாயில் விரலை வைத்து அடைத்தால் தண்ணீர் எப்படிப் பாயும், அப்படி. எதிரே மணல் இருந்தால் பள்ளம் விழும், பவளம் இருந்தால் சதை கிழியும், அதேசமயம் ஒரு ஜாண் தள்ளி இருக்கும் கல்லின் பின்புறம் அசைவே இல்லாமல் கழிவு படிந்துகொண்டிருக்கும். வேவ்மேக்கரில் இருப்பது மின்விசிறி மாதிரியான இறக்கை. அது வேகம் குறைவாக, ஆனால் அகலமாக நிறையத் தண்ணீரைத் தள்ளும். கடலுக்குள் வீசுவதும் அப்படியான நீரோட்டம்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் சூடு, அதுவும் சென்னையில். பம்ப் எத்தனை வாட் இழுக்கிறதோ அது கடைசியில் சூடாகத் தண்ணீரிலேயே தங்கும். மணிக்கு 2500 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் 40 வாட் இழுக்கும், அதே அளவு தள்ளும் வேவ்மேக்கர் 5, 6 வாட்டில் வேலையை முடித்துவிடும். 40 வாட் சூடு வெளியே போக வழியில்லை என்றால் உங்கள் 150 லிட்டரை மணிக்கு 0.2 டிகிரிக்கு மேல் ஏற்றும். தொட்டி காற்றில் ஆறும், அதனால் அவ்வளவு ஏறாதுதான், இருந்தாலும் மே மாதத்தில் 31 டிகிரியில் தவிக்கிற தண்ணீருக்கு ஒரு டிகிரி கூடினாலும் ஆபத்து. உப்புத் தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவதே குறைவு. 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிடிக்கும், கடல் தண்ணீர் ஆறு மில்லிகிராமை ஒட்டித்தான் பிடிக்கும். அதனால்தான் கோல்ட்ஃபிஷ் தாங்கிய தேக்கத்தைக் கிளவுன் மீன் தாங்காது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கடையில் போய் என்ன பார்ப்பது? பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இறக்கையைக் கழற்றி அதன் நடுவில் ஓடும் கம்பியைப் பாருங்கள், வெள்ளையாகச் செராமிக் கம்பியாக இருக்க வேண்டும். பளபளவென்று இரும்பு மாதிரி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஸ்டெயின்லெஸ் என்று சொன்னாலும் உப்புத் தண்ணீரில் நாளாக ஆகத் துரு பிடிக்கும். அடுத்து காந்தம். அது பிளாஸ்டிக்கில் முழுக்க மூடியிருக்க வேண்டும், விரிசலோ ஓரத்தில் பிரிந்த மாதிரியோ இருக்கக் கூடாது. கண்ணாடியில் பிடித்துக்கொள்ள வெளியே ஒரு காந்தம் வருமே, அதன் உள்பக்கத் துண்டையும் இதே மாதிரி பாருங்கள். நான் மரைன் ஆரம்பித்த புதிதில் வாங்கிய ஒரு மலிவு பம்பில் எட்டாவது மாதம் காந்தத்தின் மூடி விரிந்து உப்பு உள்ளே இறங்கிவிட்டது. முதலில் கிளீனர் இறால் செத்தது, காரணம் புரியவில்லை. அடுத்த நாள் ஒரு மென்பவளம் சுருங்கியது. பம்பைக் கழற்றியபோதுதான் காந்தம் வீங்கிப் பழுப்புச் சேறாக வழிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை காந்தத்தைப் பார்க்காமல் விடுவதில்லை, நீங்களும் விடாதீர்கள்.

வைக்கும் விதம்: பம்புகளை நீளவாட்டில் இரண்டு ஓரங்களிலும் எதிரெதிராக, தண்ணீர் மட்டத்திலிருந்து நாலு விரல் கீழே, கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி வைத்தால் இரண்டு ஓட்டமும் நடுவில் மோதி எல்லாப் பக்கமும் சிதறும். மேல்மட்டம் நன்றாகக் குலுங்க வேண்டும், ஆக்ஸிஜன் கரைவது அங்கேதான். இரவில் நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்து 12 வாட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 17 யூனிட் சொச்சம்தான் வரும்.

ஜேபாவ் போன்ற கம்பெனிகளின் டிசி வேவ்மேக்கர்களில் கன்ட்ரோலர் இருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அலை மாதிரி விட்டு விட்டு ஓட்டலாம். நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் தொட்டிக்கு அது இல்லாமலே முடியும் என்பதால் மிச்சப் பணத்தில் முதலில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு உப்புத் தண்ணீருக்குள் கை விடுகிறோம், வீட்டில் குழந்தைகளும் இருப்பார்கள். வயரும் பிளக்குக்கு நேராக இறங்காமல், ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேள்வி: தொட்டிக்குக் கீழே கேபினெட்டில் சம்ப் (தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி) வைத்திருக்கிறேன். தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர். சம்ப் தண்ணீரை மேலே ஏற்ற, மணிக்கு 3000 லிட்டர் என்று போட்ட ரிட்டர்ன் பம்ப் வாங்கினேன். மேலே வருவது அதில் கால்வாசிகூட இல்லை. பம்ப் பழுதா? (ஜே.ஏ., தூத்துக்குடி)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த 3000 என்பது தண்ணீரை ஒரு அடிகூட ஏற்றாமல் அதே மட்டத்தில் தள்ளும்போது வரும் அளவு. பெட்டியில் எச்-மேக்ஸ் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 2 மீட்டர் என்று போட்டிருந்தால், 2 மீட்டர் உயரத்தில் அந்த பம்பிலிருந்து ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். கேபினெட்டின் அடியிலிருந்து தொட்டியின் மேல்விளிம்பு வரை ஒன்றரை மீட்டர் வந்துவிடும், அதோடு குழாயில் எல்போ, சின்ன விட்டமுள்ள டியூப் என்றால் இன்னும் குறையும். முதலில் டியூபை ஒரு சைஸ் பெரிதாக்கி எல்போக்களைக் குறைத்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு பக்கெட்டைப் பிடித்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்தீர்களா? நிமிஷத்துக்கு 10 லிட்டருக்கு மேல் வந்தால் மணிக்கு 600, உங்கள் தொட்டிக்கு மூன்று மடங்கு. சம்ப் வேலைக்கு மூன்றிலிருந்து ஐந்து மடங்கு போதும், புது பம்ப் வேண்டாம். உள்ளே சுழற்றும் வேலையை வேவ்மேக்கரிடம் விடுங்கள். அதையும் ரிட்டர்ன் பம்பையே செய்ய வைக்கப் போனால்தான் செலவும் கரண்டும் எகிறும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் ரிட்டர்ன் குழாய் வழியாகவே தொட்டித் தண்ணீர் திரும்பி சம்ப்புக்கு இறங்கும். குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டு வையுங்கள், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து இறங்குவது நின்றுவிடும். இன்றே ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி, சம்ப் வழிகிறதா என்று நின்று பாருங்கள்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது வேவ்மேக்கர் 'கர்ர்' என்று உறுமுகிறது, சூடாகவும் இருக்கிறது. (கே.எஸ்., கோயம்புத்தூர்)

பதில்: உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். ஏசி மோட்டாருக்கு அந்தக் கரண்ட் ஒத்துவராது. சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பிரச்சினை இல்லை. அதை மாற்றும் வரைக்கும் பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்பும் காற்றுக் கல்லும் வாங்கி வையுங்கள், கரண்ட் போகும்போது தானாக ஓடத் தொடங்கும் வகையும் கிடைக்கிறது. அந்த நேரத்தில் மீனுக்குத் தீவனம் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: கல் பவளம் வைத்தால் எத்தனை லிட்டர் பம்ப் வேண்டும்? கடற்கரையில் ஒருவர் கொண்டு வந்து தருகிறேன் என்கிறார். (பெயர் வேண்டாம், ராமநாதபுரம்)

பதில்: வாங்காதீர்கள். கல் பவளம் என்கிற பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, நம் கடலில் அவற்றை எடுப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம். கடல் குதிரைக்கும் இதே சட்டம்தான். மன்னார் வளைகுடா உங்கள் வாசலில் இருக்கிறது, பவளம் அங்கேயே இருக்கட்டும். மீன் வேண்டும் என்றால் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கிளவுன் மீனைக் கேட்டு வாங்குங்கள், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அந்த இனப்பெருக்க முறையைக் கையில் வைத்திருக்கிறது.

கேள்வி: புது வேவ்மேக்கர் மூன்றே மாதத்தில் வேகம் குறைந்து சத்தம் போடுகிறது. (எல்.வி., நாகர்கோவில்)

பதில்: சுண்ணாம்பு படிந்திருக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த பக்கெட்டில் போட்டு ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அப்புறம் இறக்கையைக் கழற்றி, கம்பி ஓடும் துளைக்குள் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டு மாட்டுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் கம்பி தேய்ந்திருக்கும், இறக்கையும் கம்பியும் சேர்ந்த செட் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கிய கடையிலேயே கேளுங்கள்.