பதில்: கேரவன் டிரெய்லருக்குக் கார் டயர் பொருந்துமா?

ஐயா, வணக்கம். மொத்தம் 1,200 கிலோ எடையுள்ள உங்கள் ஒற்றை அச்சு டிரெய்லரின் 185 ஆர்14 சி (சி என்பது சரக்கு வண்டி வகை) டயர்களில் பக்கவாட்டு வெடிப்பு கண்டிருப்பதாகவும், சேலத்துக் கடைக்காரர் 185/70 ஆர்14 88 என்ற கார் டயரைப் பரிந்துரைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை வாங்க வேண்டாம்.

அந்த 88 என்பது பாரக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டும் சேர்ந்து 1,120 கிலோதான். கொக்கி வழியாக ஒரு பங்கு எடை இழுக்கும் வண்டியின் மேல் இறங்கும் என்பது உண்மையே. ஆனால் தண்ணீர்த் தொட்டியும் அடுப்பும் ஒரே பக்கம் இருந்தால் அந்தச் சக்கரம் பாதிக்கு மேல் சுமக்கும், ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சுமை இன்னும் கூடும். எடைமேடையில் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய அளவிலேயே, குறியீடு 102 உள்ள சி வகை டயர் ஒவ்வொன்றும் 850 கிலோ தாங்கும் என்பதால் அதுவே என் தேர்வு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) தேயாவிட்டாலும் அத்தனை பழைய இருப்பை ஏற்காதீர்கள். காற்றழுத்தம் கூடுதலாக வைக்க வேண்டியிருப்பதால், ரிம்மும் வால்வும் அதைத் தாங்குமா என்று கேட்டு, உலோக வால்வே போடச் சொல்லுங்கள். அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் இதே டயர்தான்.